காகித டேப் ஒட்டிய சைக்கிள்

நான் ஓட்டும் பஸ் ஒவ்வொரு நடையிலும் ஒரு நாற்சந்தியைக் கடக்கும். அங்கே விளக்குக் கம்பத்தோடு ஒரு வெள்ளை சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். டயர், செயின், மிதி, சீட் எல்லாமே வெள்ளை. யாராவது கைப்பிடியில் பூ சொருகிவிட்டுப் போவார்கள். அது வாடியதும் வேறு யாராவது புதிதாகச் சொருகுவார்கள். என் மனைவி அந்த இடத்தில்தான் செத்துப்போனாள். சிவப்பு விழுந்தால் அந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பச்சை விழுந்தால் கிளம்புவேன். மனதில் ஒன்றும் ஓடாது. எப்படித்தான் தினமும் இந்த வழியாக ஓட்டுகிறீர்கள் என்று டெப்போவில் கேட்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் என்பேன். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரே கட்டிலில் இரண்டு கட்சி. நான் பஸ் கட்சி, அவள் சைக்கிள் கட்சி. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கு வேலை. மழையோ வெயிலோ சைக்கிளில்தான் போவாள். என் பஸ் அவள் மூஞ்சியில் புகை விடுகிறது என்பாள். உன் ஆட்களுக்கு சிக்னல் விளக்கெல்லாம் அலங்கார விளக்கா என்று நான் கேட்பேன். மற்ற வீடுகளில் மாமியார் நாத்தனாரை வைத்துச் சண்டை வரும். எங்களுக்கு ரோட்டை வைத்து வந்தது. சண்டை முடிந்து சாப்பிடுவோம், சாப்பிட்டு முடிந்து மறுபடியும் ஆரம்பிப்போம்.

அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சைக்கிள் குழு வைத்திருந்தார்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரைச் சுற்றுவார்கள். பெரிய ரோட்டில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும், அதுவும் வெறும் கோடாக இல்லாமல் கல் வைத்துப் பிரித்த பாதையாக வேண்டும் என்று மாநகராட்சிக்கு நடையாய் நடந்தார்கள். ஊர்வலத்தில் முன்னால் போவது வக்கீலம்மா. கடைசியில் போகிற ஆளுக்கு வால் என்று பேர். வாலுக்குப் பின்னால் யாரும் விடுபடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். யாருக்காவது பஞ்சர் ஆனால் வாலும் நிற்கும். எப்போதும் என் மனைவிதான் வால். வீட்டில் வாலாட்டியது போதாதா என்று நான் கிண்டல் செய்வேன்.

அவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சைக்கிளில் போன யாராவது ரோட்டில் அடிபட்டு இறந்தால், ஒன்றுக்கும் உதவாத பழைய சைக்கிள் ஒன்றுக்கு வெள்ளை அடித்து, இறந்த இடத்திலேயே பூட்டி வைப்பார்கள். அதற்கான காயலான்கடைச் சரக்கெல்லாம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாமான் அறையில்தான் கிடக்கும். தானமாக வரும் சைக்கிள்களை அவள் தரம் பிரிப்பாள். தேறுவதைப் பழுது பார்த்து யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். தேறாததின் கைப்பிடியில் வெள்ளைக் காகித டேப்பைச் சுற்றி வைப்பாள். டேப் இருந்தால் அது வெள்ளை அடிக்கப் போகும் வண்டி. அந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம் அது. யாருக்கு முன்கூட்டியே பெட்டி செய்து வைக்கிறீர்கள் என்று ஒருநாள் அவளிடம் எரிந்து விழுந்தேன். அடுத்த ஆளுக்கு என்றாள். சொல்லிவிட்டு டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அவளை அடித்தது ஒரு லாரி. சந்தியில் திரும்பும்போது பக்கத்தில் இவள் இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. யார் என்ன கேட்டாலும் சரி என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், சரி. சந்தியில் வெள்ளை சைக்கிள் வைக்கிறோம் என்றார்கள், சரி. ஒருவாய் சாப்பிடுங்கள், சரி. எல்லாம் முடிந்த கையோடு வேலைக்குப் போய்விட்டேன்.

நான் அழவில்லை. அழாத ஆளைப் பார்த்தால் ஊருக்குப் பொறுக்காது. அழுதுடுங்க, மனசுல வெச்சுக்காதீங்க என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். மனசில் ஏதாவது இருந்தால்தானே வெளியே எடுக்க. காலையில் சமைத்தேன், பஸ் ஓட்டினேன், ராத்திரி சமைத்தேன். எட்டாவது படிக்கும் மகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றுகூட அவள் சொன்னதில்லை. அவரவர் தட்டை அவரவர் கழுவினோம்.

மகளின் பிறந்தநாள் வந்தது. ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். நல்லா இருக்கு என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்தும் கடிகாரம் அங்கேயே கிடந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, என் சைக்கிள எப்ப தருவ?"

எந்த சைக்கிள் என்று கேட்டேன். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அம்மா சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சைக்கிளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறந்தநாளுக்கு இவளுக்கு ரகசியமாகத் தர. இவள் காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டாளாம். ஆரஞ்சு நிறம். தெரியாத மாதிரியே நடித்தாளாம். அம்மா போன பிறகும், அப்பாவிடம் சொல்லி வைத்திருப்பாள், பிறந்தநாளன்று வரும் என்று காத்திருந்தாளாம்.

என் மனைவி என்னிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். பாப்பா ரோட்டில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றவன். ரோட்டில் என்னை மாதிரி ஆட்கள்தான் ஓட்டுகிறார்கள், அதனால் எனக்குத் தெரியும் என்பேன்.

சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனோம். சாமான் அறையில் துருப்பிடித்த பெரிய சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. முன்சக்கரம் இல்லை, கைப்பிடியில் காகித டேப். அதற்குப் பக்கத்தில் தரையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் ஆரஞ்சுப் பெயின்ட் சொட்டுகள், நடுவில் சைக்கிள் நின்ற இடம் மட்டும் வெறுமையாக. மகள் குனிந்து ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து போயிருந்தது. நான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

டாக்டர் என்பது குழுவின் சைக்கிள் மெக்கானிக். சக்கரத்தைச் சுழலவிட்டு, அச்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் என்ன கோளாறு என்று சொல்வான். அதனால் அந்தப் பேர். சாமான் அறையின் இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது. வந்தான், செய்தித்தாளைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னான்.

வெள்ளை அடிக்க வண்டி எடுக்க அன்றைக்கு அவன் ஒருவனாகத்தான் வந்திருக்கிறான். அறையில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. இரண்டிலும் டேப் சுற்றியிருந்தது. ஒன்றுக்கு முன்சக்கரம் இல்லை, இன்னொன்றுக்கு இருந்தது. இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆரஞ்சு அடிக்கும்போது கைப்பிடியில் பெயின்ட் படக் கூடாதென்று அவள் டேப் சுற்றியிருக்கிறாள். வழியில் போகிற யாரைக் கேட்டாலும் பெயின்டுக்காகச் சுற்றியது என்று சொல்லிவிடுவார்கள். இவர்களுக்கு மட்டும் அந்த டேப்புக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"வெள்ளை அடிக்கிறப்ப சக்கரம் லேசா சுத்துச்சுண்ணே," என்றான். "பேரிங் புதுசு. பிரேக் கேபிளும் புதுசு. நிக்கப்போற வண்டிக்கு யாரு புது பேரிங் போடுவாங்கன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். அப்புறம் அழுகை வந்துடுச்சு. அடிச்சு முடிச்சிட்டேன்."

மகள்தான் கேட்டாள், அதைக் கழற்றி எடுக்க முடியுமா என்று. முடியும் என்றான் டாக்டர். துருப்பிடித்ததற்கு ஒரு சக்கரத்தைப் போட்டு வெள்ளை அடித்து அங்கே வைத்துவிடலாம், அதைக் கொண்டுவந்து செயின் மாற்றி, டயர் மாற்றி, பெயின்டைச் சுரண்டினால் பாப்பா ஓட்டலாம், ஒருநாள் வேலை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். இத்தனை நாளாக எல்லாவற்றுக்கும் சரி சொன்ன வாய்தானே, இதற்கும் சொல்லும் என்று நினைத்திருப்பான்.

"வேண்டாம்," என்றேன்.

தனிப் பாதைக்கு இடம் பார்க்க மாநகராட்சி இன்ஜினியர்கள் வரப்போகிறார்கள், பத்திரிகையில் படம் வந்த சைக்கிள் அது, இந்த நேரத்தில் கை வைக்க வேண்டாம் என்று ஒரு காரணம் சொன்னேன். என் வாயில் சைக்கிள் கட்சியின் பேச்சு வந்ததைப் பார்த்து டாக்டரே ஒரு மாதிரி ஆகிவிட்டான். மறுநாள் வக்கீலம்மா போன் செய்து, அதெல்லாம் ஒன்றும் தடையில்லை, எந்த சைக்கிள் நின்றாலும் ஒன்றுதான், பிள்ளை பொருளைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவோம் என்று சொன்னார். அந்தக் காரணமும் கையைவிட்டுப் போனது. அப்போதும் வேண்டாம் என்றேன்.

உண்மையான காரணம் வேறு. பூட்டிக் கிடக்கிற சைக்கிளில் போய் யாரும் சாக முடியாது. ஊரிலேயே எனக்குப் பிடித்த ஒரே சைக்கிள் அதுதான். அது அங்கேயே கிடக்கட்டும், இவள் பஸ்ஸில் போகட்டும், பாஸ் இருக்கிறது.

அன்று ராத்திரி மகள் சாப்பிடவில்லை. அது அம்மா எனக்குத் தந்தது என்றாள்.

"அம்மா தரல," என்றேன். "தர்றதுக்குள்ள போயிட்டா."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெற்ற பிள்ளையிடம் இப்படியா சொல்வது என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. அவள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம்கூட நன்றாகவே வந்தது.

அடுத்த நாள் சாயங்கால நடையில் சந்தியில் சிவப்பு விழுந்தது. திரும்பிப் பார்த்தால், கம்பத்தடியில் சீருடையோடு என் மகள் குந்தியிருக்கிறாள். பையை நடைபாதையில் வைத்துவிட்டு, கையில் ஸ்டீல் ஸ்கேலோடு சைக்கிள் பாரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நகம் அளவுக்கு ஆரஞ்சு தெரிந்தது. அவள் நிமிரவில்லை. பச்சை விழுந்தது, கிளம்பினேன். வீட்டுக்கு வந்தபோது அவள் நகக்கண்ணில் வெள்ளைத் தூள் இருந்தது.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். நான் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஆரஞ்சு கொஞ்சம் வளர்ந்திருக்கும். பாதி பார் வந்தது, பிறகு முழுப் பார். கீழ்க்கம்பியை எப்படிச் சுரண்டப் போகிறாள், கை எட்டாதே என்று ஒருநாள் நினைத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் நடைபாதையில் மல்லாந்து படுத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிடிவாதத்தில் அப்படியே அம்மா. என் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒரு பயணி, யார் பெத்த பிள்ளையோ, கேக்க ஆளில்ல போல என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். படிக்கட்டில் நிற்காமல் உள்ளே தள்ளிப் போங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் படிக்கட்டில் நிற்கவே இல்லை.

ஒருநாள் நேர் ரோட்டைத் தோண்டிப் போட்டதால் பஸ்களை எல்லாம் அந்தச் சந்தியிலேயே திருப்பிவிட்டார்கள். கம்பம் இருக்கும் பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். பெரிய வண்டி திரும்பும்போது முன்பக்கம் அகலமாகப் போகும், பின்சக்கரம் ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிள் இருந்தது, அவள் இருந்தாள். ஸ்டியரிங்கை ஒடித்தேன். மறுபடி பார்த்தேன். சைக்கிள் இருந்தது, அவள் இல்லை.

பிரேக்கைப் போட்ட வேகத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். என் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டினார்கள். இறங்கி ஓடினேன். நடைபாதைக்குக் கீழே, ரோட்டில், பின்சக்கரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவள் குந்தியிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஸ்கேல் விழுந்துடுச்சுப்பா," என்றாள்.

பஸ் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பயம். அவள் அம்மா போனதிலிருந்து எனக்குள் ஒன்றுமே இல்லை என்று நினைத்திருந்தேன். இது எங்கே இருந்ததோ தெரியவில்லை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. வண்டியில் ஏறு என்று அவள் கையைப் பிடித்து ஏற்றி முன் சீட்டில் உட்கார வைத்தேன். கடைசி நிறுத்தம் வரை ஊர்ந்தே போனேன்.

பிள்ளை சைக்கிளில் இல்லை. வேகமாக எங்கும் போகவில்லை. பூட்டிக் கிடந்த சைக்கிளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை நெருங்கி வந்தது என் சக்கரம். சைக்கிளைப் பூட்டி வைத்து நான் எதைக் காப்பாற்றினேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. டெப்போவில் வண்டியை விட்டதும் டாக்டரைக் கூப்பிட்டு, சங்கிலியைத் திறந்து பாப்பா வண்டியை எடுத்துவிடச் சொன்னேன். சரிண்ணே என்றான்.

துருப்பிடித்ததற்கு வெள்ளை அடித்துச் சந்தியில் வைத்தார்கள். வக்கீலம்மா பழைய பூவை எடுத்துப் புதியதில் சொருகினார். ஆரஞ்சு சைக்கிளுக்கு டாக்டர் செயினும் டயரும் மாற்றி, பிரேக்கைச் சுத்தம் செய்து கொடுத்தான். மீதிப் பெயின்டையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு மகள் விடவில்லை. தானே சுரண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சாகச் சொறி பிடித்த மாதிரி இருந்தது வண்டி.

ஓட்டலாமா என்று என்னைப் பார்த்தாள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்னோடு டெப்போவுக்கு வா என்றேன். டெப்போ மேலாளரிடம் அனுமதி கேட்டேன். பின்பக்க மைதானத்தில் நிற்கும் பஸ்ஸைக் கையால் காட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மகளை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தேன். சீட்டை உயர்த்தி, கண்ணாடிகளை அவள் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பினேன். எல்லாம் தெரியுதா என்று கேட்டேன். எல்லாம் தெரியுது என்றாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸின் பின்புறமாகச் சுற்றிப் போய், கதவு இருக்கும் பக்கமாக முன்னால் வர ஆரம்பித்தேன். நான் தெரிகிறவரை சத்தமாகச் சொல்லிக்கொண்டே இரு என்று சொல்லியிருந்தேன்.

தெரியுது என்றாள். இன்னும் கொஞ்சம் நடந்தேன். தெரியுது என்றாள். முன்கதவுக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்றேன். ஜன்னல் விளிம்புக்குக் கீழே இருந்தேன். எட்டிப் பிடித்தால் பஸ்ஸின் தகடு. சத்தம் வரவில்லை.

"அப்பா?" என்றாள். "நீ எங்க இருக்க? யாருமே இல்ல."

லாரி டிரைவரும் போலீஸில் அதைத்தான் சொன்னானாம். கண்ணாடியில பார்த்தேன், யாருமே இல்ல என்று. பொய் சொல்கிறான் என்று நான் அன்றைக்குச் சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன், கண்ணாடியில் விழாத அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் மனைவியை நிறுத்திப் பார்க்கத்தான் முடியவில்லை. இப்போது நானே நின்றுகொண்டிருந்தேன். அப்பா, அப்பா என்று உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தகட்டில் முட்டுக் கொடுத்து, வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நான் நிற்கும் இடத்தைப் பார்த்தாள், மேலே கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மா இங்கதான் இருந்தாளா?"

"இங்கதான்."

என் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, பஸ்ஸுக்கு முன்னால், டிரைவர் சீட்டுக்கு நேராகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். ஏறிப் பாரு, தெரியுறேனான்னு சொல்லு என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். உச்சி முதல் பாதம் வரை தெரிந்தாள்.